ஸ்டேஷனில் என் வயது பதினெட்டு

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் மகளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. எனக்கு அன்று வெள்ளரிக்காய் வேலை.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் இங்கே சாண்ட்விச் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறேன். ஒரு வாரம் ரொட்டி மேல் வெள்ளரிக்காய் அடுக்குவேன், மறு வாரம் முட்டை. தலையில் நீல வலை, கையில் நீல உறை. ஓசூரில் என் தம்பி, அக்கா இங்கிலாந்தில் உணவுத் துறையில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறான். கவர்மெண்டு உத்தியோகம் என்று நினைத்து இரண்டு பேர் சிபாரிசு கேட்டுக் கடிதம் போட்டார்கள்.

ஆபீசில் போன் வந்திருக்கிறது என்று சூப்பர்வைசர் வந்து கூப்பிட்டாள். பேசியவர் போலீஸ்காரர். மிக மரியாதையாகப் பேசினார். அதனாலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. என் மகள் ரிஸ்வானாவும் அவளுடைய சிநேகிதி க்ளேரும் ஒரு மருந்துக்கடையில் பணம் கொடுக்காமல் நகப்பூச்சு எடுத்ததாகச் சந்தேகமாம். இருவரும் ஸ்டேஷனில் இருக்கிறார்களாம். சின்ன வயதுப் பிள்ளைகளை, பெற்றவரோ வேறு பெரியவரோ கூட இல்லாமல், விசாரிக்கச் சட்டம் இடம் கொடுக்காது, ஆகவே நான் போய்ச் சேரும்வரை ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம் என்றார். பிறகு, ரிஜிஸ்டருக்காகக் கேட்கிறேன், மகளுக்கு என்ன வயது என்றார்.

"பதினெட்டு" என்றேன்.

அவள் பதினான்கு என்று சொல்கிறாளே என்றார். நான் மறுபடியும் பதினெட்டு என்றேன். அவளுடைய பள்ளிக்கூட அட்டையிலும் பதினான்குக்கான பிறந்த தேதிதான் இருக்கிறது என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னிக்கவும், பதினான்குதான் என்று திருத்திச் சொன்னேன். ரொம்ப நன்றி என்றார். பெற்ற பிள்ளைக்கு நான்கு வருடம் கூட்டிச் சொல்லும் தாயை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். அந்த நேரத்தில் அவர் லெஸ்டர் ரோட்டில் எங்கோ ஐம்பது பேரை வைத்து ஓட்டிக்கொண்டிருப்பார். நானே நீல வலையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். இரண்டு பஸ் மாற வேண்டும். வழியெல்லாம் பதினெட்டு ஏன் வாயில் வந்தது என்று யோசிக்கத் தேவைப்படவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

2

தொழிற்பேட்டை வந்ததும் ஓசூரை ஒட்டிய எங்கள் மூக்கண்டப்பள்ளியில் எல்லோருக்கும் வேலை கிடைத்தது. எங்கள் அத்தாவுக்குக் கழிவு கிடைத்தது. அவருக்குப் பழைய இரும்புக் கடை. தகரம், பித்தளைச் சீவல், செம்புக் கம்பி, எந்தக் கம்பெனி எதைக் கொட்டினாலும் ஒரு நாள் அது எங்கள் கடை வாசலில் வந்து நிற்கும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுபதுகளின் கடைசியில், மின்சார சுவிட்சு செய்யும் ஒரு கம்பெனிக்குப் பெண் பிள்ளைகள் வேண்டும் என்றார்கள். கை நிதானமாக இருக்க வேண்டும், பதினெட்டு முடிந்திருக்க வேண்டும். கை நிதானம் இருந்தது. பதினெட்டுக்கு அத்தா என்னை ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனார். பிறந்த சான்றிதழ் இல்லாதவர்களுக்குப் பல்லைப் பார்த்து வயது எழுதிக் கொடுப்பது அப்போது வழக்கம். டாக்டர் கடைவாயில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு அத்தாவைப் பார்த்தார். பிறகு பதினெட்டு என்று எழுதினார். அன்று என் பல்லுக்குப் பதினெட்டு, எனக்குப் பதினைந்தரை.

அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் பின்னால் பாஸ்போர்ட் எடுத்தது. ஆகவே பிரிட்டிஷ் அரசாங்கம் எனக்கு இரண்டரை வருடம் முன்னதாகவே ஓய்வூதியம் தரப்போகிறது. இதை அவர்களிடம் சொல்ல வேண்டுமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர்கள் நம் ஊரில் இருநூறு வருடம் இருந்தார்களே, கழித்துக்கொள்ளட்டும் என்கிறார்.

என்னோடு அதே கம்பெனியில் சேர்ந்த சரோஜா அஞ்செட்டிக்காரி. அவளுடைய மாமா இன்னொரு கம்பெனியில் வாட்ச்மேன், எங்கள் லைன் வீட்டில் கடைசி வீடு. அக்கா மகளைக் கூட்டிவந்து அதே டாக்டரிடம் அதே டார்ச்சில் காட்டி அதே பதினெட்டை வாங்கினார். அவள் என்னைவிட மூன்று மாதம் சின்னவள். வீட்டில் கன்னடம், கடைத்தெருவில் தெலுங்கு, என்னோடு தமிழ். மூன்றிலும் வாய் ஓயாது.

எங்கள் வேலை இதுதான். சுவிட்சுக்குள்ளே துவரம்பருப்பு அளவில் வெள்ளிப் பொட்டு ஒன்று இருக்கும். அதைச் சின்ன இடுக்கி போன்ற சாமணத்தால் எடுத்து மெஷினின் குழியில் வைக்க வேண்டும். குழியை விட்டு ஒரு மயிரிழை விலகினாலும் பொருள் வீண். காலையில் வெள்ளிப் பொட்டைத் தகர டப்பாவில் எடை போட்டுக் கொடுப்பார்கள், சாயந்திரம் எடை போட்டு வாங்குவார்கள். சரோஜாவும் நானும் ஒரே மேசையில் எதிரெதிராக உட்காருவோம். அவள் பேசிக்கொண்டே வேலை செய்வாள், நான் வேலை செய்துகொண்டே கேட்பேன். மதியம் அவளுடைய களியை நானும் என்னுடைய சோற்றை அவளும் தின்போம். அவளைப் போல ஒரு சிநேகிதி எனக்கு அதற்குப் பிறகு அமையவில்லை.

சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க எப்போதாவது தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவார். அதற்காக டைம்கீப்பர் எங்களுக்குப் பாடமே நடத்தினார். யாராவது வந்து தனியாகக் கூப்பிட்டு, அன்பாக, பயப்படாதேம்மா, உண்மையான வயசைச் சொல்லு என்பார்கள். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதட்டிக் கேட்டாலும் பதினெட்டு, அன்பாகக் கேட்டாலும் பதினெட்டு. உண்மையைச் சொன்னால் உங்களுக்கு வேலை போகும், உங்கள் அப்பாவுக்கு ஜெயில். இதை வாரம் ஒரு முறை திருப்பிச் சொல்ல வைப்பார். எட்டாம் வகுப்பு வரை நான் படித்த எதுவும் இந்த அளவுக்கு மனதில் நின்றதில்லை.

3

இந்த ஊர் ஸ்டேஷனில் முதலில் எனக்கு ஒரு தேநீர் கொடுத்தார்கள். பிறகு ஒரு காகிதம் கொடுத்தார்கள், மகளுக்கு என்னென்ன உரிமைகள் என்று. வக்கீல் வேண்டுமா, இலவசம் என்றார்கள். இலவசம் என்றதும் சந்தேகப்பட்டு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ரிஸ்வானா, வேண்டும் என்று முந்திக்கொண்டு சொன்னாள். இதையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்களாம்.

என் வேலை என்ன என்பதை சார்ஜெண்ட் விளக்கினார். நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வரவில்லை. கேள்விகள் நியாயமாக இருக்கின்றனவா, மகளுக்குப் புரிகின்றனவா என்று கவனிக்க வேண்டும். சரியில்லை என்றால் நிறுத்தச் சொல்லலாம். போலீஸை நான் நிறுத்தச் சொல்வதா என்று கேட்டேன். ஆமாம், அதற்குத்தான் நீங்கள் என்றார். என் ஆங்கிலத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடியும் கேட்டேன். அதே பதில்தான் வந்தது.

க்ளேரின் அம்மா இன்னும் வரவில்லை. க்ளேர் வேறு அறையில் இருந்தாள். என் மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நகத்தில் ஊதாப் பூச்சு இருந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, தமிழில் மெதுவாக, "க்ளேர் உன்னச் சொல்லிட்டான்னு இப்ப வந்து சொல்லுவாங்க. நம்பாத" என்றேன்.

"யாரு சொல்லுவா?" என்றாள்.

"போலீஸு."

"ஏன் பொய் சொல்லணும்? அவங்க சொல்லக் கூடாதும்மா. சொன்னா கேஸ் நிக்காது" என்றாள். அவளுக்குத் தமிழில் இவ்வளவு நீளமான வாக்கியம் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

4

சரோஜாவும் நானும் போன ஸ்டேஷன் எது என்று எழுதப்போவதில்லை. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள், அங்கே இருந்தவர்கள் ரிட்டையர் ஆகியிருப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம், ஒரு காலையில், எங்கள் மேசைக் கணக்கில் இருக்க வேண்டிய ஒரு டப்பா வெள்ளிப் பொட்டைக் காணவில்லை. கம்பெனிக்காரர்கள் எங்களைத் தேடினார்கள், ஸ்டோர் ரூமைத் தேடவில்லை. பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. சரோஜாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போய், அவளை முன்னறையிலும் என்னைப் பின்னறையிலும் உட்கார வைத்தார்கள். பின்னறையில் பிடிபட்ட சைக்கிள்கள் நின்றன. ஒரு சைக்கிளின் கேரியரில் கட்டியிருந்த புளிமூட்டையும் பிடிபட்டிருந்தது.

யாரும் எங்களை அடிக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. இதைச் சொன்னால், அப்புறம் என்னதான் நடந்தது என்று கேட்கிறார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் தெற்கத்தி ஆள், இளவயது, சலவைச் சட்டை. யார் எடுத்தது என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டார். தெரியாது சார் என்றோம். ஒரு மணிக்குச் சாப்பிடப் போனார். அப்போது அங்கே எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு என்னிடம் வந்தார். அவரை ரைட்டர் என்பார்கள். தலை நரைத்தவர், எங்கள் பக்கத்து ஆள். குனிந்து தணிந்த குரலில் பேசினார்.

"ஏம்மா, உன் நெச வயசு எத்தினி? பதினாறு ஆவலன்னா உங்கள இங்க வச்சிக்கினு இருக்க முடியாது. பெத்தவங்களக் கூப்ட்டு ஒப்படைச்சே ஆவணும், சட்டம் அப்பிடி. எங்கிட்ட சொல்லு, நான் எழுதிக்கிறேன். பயப்படாத."

பயப்படாத என்ற அந்தச் சொல்தான் காரியத்தைக் கெடுத்தது. டைம்கீப்பர் சொன்ன ஆள் இவர்தான் என்று எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அன்பாகக் கேட்கிறார், தனியாகக் கேட்கிறார், காக்கி வேறு போட்டிருக்கிறார்.

"பதினெட்டுங்க" என்றேன்.

பார்த்தா அப்படித் தெரியலையே என்றார். டாக்டர் சர்டிபிகேட் இருக்குதுங்க என்றேன். மறுபடியும் கேட்டார். வேண்டுமானால் பல்லைக் காட்டட்டுமா என்று கேட்டேன். அவர் முன்னறைக்குப் போய் சரோஜாவைக் கேட்டார். அவளும் பதினெட்டு என்று சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. மூன்று பாஷையிலும் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ரைட்டர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். அன்று அந்த ஸ்டேஷனில் எங்களிடம் சொல்லப்பட்ட ஒரே உண்மை அவர் சொன்னதுதான். இரண்டு பேருமாகச் சேர்ந்து அதை விரட்டிவிட்டோம்.

சப்-இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுவிட்டு வந்தார். நேராகப் பின்னறைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடித்த காகிதம் ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"ஒங்கூட்டாளி எல்லாத்தையும் சொல்லிட்டா பாத்துக்க. நீ எடுத்துக் குடுத்த, ஒங்கப்பா கடையில வச்சு உருக்கி வித்துட்டாரு. கையெழுத்தும் போட்டாச்சு."

காகிதத்தை விரலால் தட்டிக்கொண்டே மேலே சொன்னார்.

"பொம்பளப் புள்ளைகள நாங்க அடிக்க மாட்டோம். ஒங்கப்பா ஆம்பளதான. ஆளனுப்புனா அரை மணியில இங்க இருப்பாரு."

அத்தாவுக்கு இளைப்பு நோய். மாடி ஏறினால் பாதியில் உட்காருகிறவர். அவர் அந்த ஸ்டூலுக்கு எதிரே நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் கேட்கவில்லை. காக்கிச் சட்டை போட்ட பெரிய மனிதர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்வார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சரோஜா சொல்லிவிட்டாள் என்று நம்பினேன். தினம் என் சோற்றைத் தின்றவள் என் அத்தாவையே மாட்டிவிட்டாளே என்று நினைத்தேன். பயம் பாதி, கோபம் பாதி.

"நான் எடுக்கலீங்க. எங்கத்தாவுக்கு ஒண்ணியும் தெரியாதுங்க. அவதான் எடுத்தா. நான் பார்த்தேன்" என்றேன்.

நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்க எதுவும் நடக்கவும் இல்லை. இருந்தாலும் சொல்ல ஆரம்பித்தபின் நன்றாகவே வந்தது. டப்பாவைத் தாவணிக்குள் இடுப்பில் சொருகினாள் என்றேன். அந்த விவரத்தை யாரும் கேட்கவில்லை, நானே கொடுத்தேன். ரைட்டர் எழுதினார். எழுதும்போது ஒரு தடவை நிறுத்தி, நெசமாவா என்பது போல நிமிர்ந்து பார்த்தார். நான் கீழே பார்த்தேன். காகிதத்தைத் திருப்பி வைத்தார்கள், கையெழுத்துப் போட்டேன். நாளெல்லாம் சாமணம் பிடித்தும் நடுங்காத கை அன்று நடுங்கியது.

ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னபோது அது பொய். பத்து நிமிஷத்தில் நான் அதை உண்மையாக்கினேன். ஆள்தான் மாறியிருந்தது.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். சரோஜா அதுவரை தெரியாது என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அதைப் பார்த்த பிறகும் என்மேல் எதுவும் சொல்லவில்லை. அழுதாளா என்று காது கொடுத்துக் கேட்டேன். ஏதோ சொன்னாள், தெளிவாகக் கேட்கவில்லை. அழுகை இல்லை. ஐந்து மணிக்கு அத்தா வந்து என்னை அழைத்துப்போனார். அவளுடைய மாமா வந்து அவளை அழைத்துப்போனார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான்தான் பார்க்கவில்லை.

கேஸ் எதுவும் போடவில்லை. கம்பெனி சரோஜாவை நிறுத்தியது, ஒத்துழைத்ததற்காக என்னை வைத்துக்கொண்டது. அதே வாரம் மாமா அவளை அஞ்செட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். தை மாதம் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். பதினாறு முடியவில்லை. ஸ்டேஷனுக்குப் போன பெண் என்பதால் மாப்பிள்ளை வீட்டார் மாட்டையும் கன்றையும் கூடவே கேட்டார்களாம். மூன்று வாரம் கழித்து ஸ்டோர் ரூமில் செம்புத் தகடுகளுக்குப் பின்னால் அந்த டப்பா இருந்தது. ஸ்டோர்காரரே மறந்து வைத்தது. யாரும் எதையும் அறிவிக்கவில்லை. எனக்கு எதிரே வேறொரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அவள் பேசவே மாட்டாள்.

பல வருடம் கழித்து, கிருஷ்ணகிரியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் சொன்னார். சாட்சி விசாரணைக்கென்று பெண்களை ஸ்டேஷனுக்கு வரவழைக்கவே கூடாதாம், வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டுமாம். போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாதாம். வாங்கினாலும் கோர்ட்டில் செல்லாதாம். நான் யாரோ ஒரு தெரிந்த பெண்ணுக்கு நடந்தது என்று சொல்லித்தான் அவரிடம் கேட்டேன். ஆக, என் கையெழுத்து எந்தக் கோர்ட்டிலும் செல்லாதது. அது கோர்ட்டுக்குப் போகவே இல்லை. கம்பெனிக்குப் போனது, அங்கே செல்லுபடியானது.

5

மூன்று வருடத்துக்கு முன் ஊருக்கு வந்திருந்தபோது, அஞ்செட்டிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ஓசூரில் பஸ் ஏறியதிலிருந்து வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன். ரிஸ்வானா கூட வந்தாள். அவளுக்கு வழியெல்லாம் வாந்தி.

சரோஜா என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தவிட்டு வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கொஞ்சம் பருத்திருந்தாள், வாய் மட்டும் அப்படியே இருந்தது. புருஷன், மாமியார், மூன்று பிள்ளைகள், பக்கத்து வீட்டார் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, இவதான் நசீமா, நான் சொல்லுவனே, அவ இவதான் என்றாள். அவர்கள் எல்லோரும் என்னை ஏற்கெனவே தெரியும் என்பது போலத் தலையாட்டினார்கள்.

பிறகு அந்தக் கதையைச் சொன்னாள். பல தடவை சொல்லிப் பழகிய கதை. எங்கே சிரிப்பார்கள் என்று தெரிந்து நிறுத்திச் சொன்னாள்.

"அந்த எஸ்.ஐ. இவ சொல்லிட்டான்னு ஒரு பேப்பரக் கொண்டாந்து நீட்டறான். கீழ இவ கையெழுத்து. நான் பாத்தன். தினம் ரிஜிஸ்டர்ல இவ கையெழுத்துக்குக் கீழ போடறவ நான், எனக்குத் தெரியாதா? எழுத்து பூரா நடுங்கிக்கினு கெடக்குது. இவளுக்கு உசிரே போனாலும் கை நடுங்காது. நீயே போட்டுக்கினு வந்து என்னைய ஏமாத்தறியா, போய்யான்னுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் சிரித்தாள். சரோஜா என் கையைப் பிடித்து அவர்களுக்குத் தூக்கிக் காட்டினாள்.

"இவ சொல்லியிருந்தா நான் செத்தே போயிருப்பேன். இவ சொல்லல. அதான் நானும் தெகிரியமா இருந்தேன்" என்றாள்.

நான் களி சாப்பிட்டேன். கோழி அடித்திருந்தார்கள், அதையும் சாப்பிட்டேன். தயார் செய்துகொண்டு போன வாக்கியத்தைச் சொல்லவில்லை. நீ எழுதறதெல்லாம் எம் மூத்தவ படிச்சுக் காட்டுவா, பள்ளிக்கூடத்துல அந்தப் புஸ்தகம் வருது, பனி பெய்யறதப் பத்தி எழுதினியே, அது நல்லாருந்துச்சு என்றாள். கிளம்பும்போது ஒரு படி கேழ்வரகு மாவு கட்டிக் கொடுத்தாள். அதை லண்டன் விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் சோதித்தார்கள்.

அவள் நம்பிக்கொண்டிருப்பது அவளுக்கு நல்லதுதானே, அதைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

6

விசாரணை இருபது நிமிஷம் நடந்தது. இரண்டு கேசட் உறையைப் பிரித்து எங்களுக்குக் காட்டிவிட்டு மெஷினில் போட்டார்கள். ஒன்றை முடிந்ததும் சீல் வைத்துவிடுவார்களாம், பிறகு யாரும் திருத்த முடியாதாம். ஜலதோஷம் பிடித்த ஒரு இளம் பெண் வக்கீல் என் மகளின் ஒரு பக்கம், நான் இன்னொரு பக்கம். பதில் சொல்லாமலும் இருக்கலாம், அது உன் உரிமை என்று போலீஸ்காரரே ஆரம்பித்தார். எங்கள் டைம்கீப்பர் இதைக் கேட்டிருந்தால் மயக்கம் போட்டிருப்பார்.

க்ளேர் என்ன சொன்னாள் என்று ரிஸ்வானா கேட்டாள். இப்போது வரும் என்று நினைத்தேன்.

"க்ளேர் இதுவரை எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. அவளிடம் நாங்கள் இன்னும் கேட்கவும் இல்லை" என்றார் போலீஸ்காரர்.

சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒன்றுமே இல்லை. அதே கேள்விக்கு இப்படியும் ஒரு பதில் இருந்திருக்கிறது. யாருக்கும் செலவில்லாத பதில்.

என் மகள், ஊதாப் பூச்சு நான் எடுத்தது, க்ளேர் பற்றி க்ளேரைக் கேளுங்கள் என்றாள். எனக்கு அவளைப் பிடித்து அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல், கேள்விகள் நியாயமாக இருக்கின்றனவா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். நியாயமாகத்தான் இருந்தன. முதல் தடவை என்பதால் எச்சரித்து அனுப்பினார்கள். கடைக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். மகளின் வயதை யாரோ தப்பாகச் சொன்னதாக ரிஜிஸ்டரில் இருக்கிறது, அது யார் என்று கடைசியில் சார்ஜெண்ட் கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

பஸ் ஸ்டாப்பில், ஏன் பதினெட்டு என்று சொன்னே என்று ரிஸ்வானா கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். டாக்டரின் டார்ச்சிலிருந்து அஞ்செட்டிக் கோழி வரைக்கும். இதுவரை ஒருவரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடமும் இல்லை. தமிழில் வராததை ஆங்கிலத்திலும், ஆங்கிலத்தில் வராததைத் தமிழிலும் சொன்னேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டோம். உனக்கு அப்போ பதினைந்துதானேம்மா, அவங்க உன்னை ஏமாத்தினாங்க, உன் தப்பு இல்ல என்று அவள் சொல்வாள் என்று நினைத்தேன். அதைக் கேட்கத்தான் சொன்னேனோ என்னவோ. அவளும் முதலில் அதைத்தான் சொன்னாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "பதினஞ்சு வயசுல அது போலீஸோட பொய். களி சாப்பிட்டப்போ உனக்கு வயசு என்ன?" என்று கேட்டாள்.

காகிதத்தில் முப்பத்து மூன்று என்றேன். அவள் சிரிக்கவில்லை.

7

இந்த மாதம் இங்கே வசந்தம் வருவதைப் பற்றி எழுதுவதாக ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். அதற்குப் பதில் இதை அனுப்புகிறேன். போடுவதும் போடாததும் அவர் விருப்பம். போட்டால் ஒரு வரியையும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தனியாகக் கடிதம் எழுதலாமே என்று தோன்றாமல் இல்லை. நான்கு முறை எழுதினேன். நான்கிலும் நான் சின்னப் பெண், சட்டம் தெரியாதவள், அத்தாவுக்கு இளைப்பு என்பதே முக்கால்வாசி இருந்தது. அதெல்லாம் நிஜம்தான். ஆனால் அவள் என் பெருமையை ஊரைக் கூட்டிச் சொன்னவள். என் சிறுமையும் ஊர் கூடிய இடத்திலேயே சொல்லப்பட வேண்டும்.

சரோஜா, உன் மூத்தவள் இதை உனக்குப் படித்துக்கொண்டிருப்பாள். உன் மாமியாரும் பக்கத்தில் இருப்பார்கள், இருக்கட்டும். அந்த எஸ்.ஐ. நீட்டிய பேப்பரில் இருந்தது என் கையெழுத்துதான். நான்தான் போட்டேன். நடுங்கியது என் கைதான். நீ எடுத்தாய் என்று நான் சொன்னேன், இடுப்பில் சொருகினாய் என்றும் சொன்னேன். நீ எதையும் எடுக்கவில்லை என்பது அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும்.